இருட்டில் கைக்கு எட்டும் பெட்டி: வட சென்னை வீடுகளில் மின்தடைக்கு முன்னேற்பாடு செய்யும் முறை

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் போன்ற பகுதிகளில் தரைத்தளத்திலோ முதல் மாடியிலோ குடியிருக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எங்கள் தெருவில் மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் அக்கம்பக்கத்தில் பத்துப் பதினைந்து வீடுகளுக்கும் அவசரப் பெட்டி தயார் செய்ய உதவியிருக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் பொருளுக்குக் குறைவில்லை. வேண்டிய நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, கிடைத்தபோது வேலை செய்யவில்லை. ஆகவே ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டேன். வீட்டில் வயதில் மூத்தவர், யாரையும் கேட்காமல், இருட்டில் கையால் தடவியே பெட்டியை எடுத்து, அதில் உள்ளதைப் பயன்படுத்த முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு முடிவும் அதிலிருந்து பிறந்ததுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும் என்பதால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வேலையை முடிப்பது நல்லது. மழைக்காலத்துக்கு மட்டுமே இது தேவைப்படும் என்று எண்ண வேண்டாம். 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின் நிலையத்தில் ஏற்பட்ட தீயினால், ஒரு சொட்டு மழை இல்லாமலேயே நகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின. இரண்டு மாலைப் பொழுதுகளும் ஒத்திகைக்கு ஓர் இரவும் ஒதுக்கினால் போதும்.

1. கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் மெயினை அணையுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு, நேராகக் கடைக்குப் போவது. தங்கள் வீட்டில் எது எது நின்றுபோகும் என்று தெரியாமல் வாங்குவதால், நான்கு டார்ச்சுகள் இருக்கும். குடிக்கத் தண்ணீர் இருக்காது.

ஏதாவது ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, முன்கூட்டியே சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் யார் எதைத் தேடுகிறார்கள், எது நடக்கவில்லை என்று எழுதுங்கள். மோட்டார், ஆர்.ஓ. தண்ணீர் எந்திரம், இண்டக்‌ஷன் அடுப்பு, வைஃபை ஆகியவை எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பிளக்கில் மாட்டும் கொசுவிரட்டி மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. கால்வாய் ஓரத்து வீடுகளில் மின்விசிறியும் கொசுவிரட்டியும் ஒன்றாக நின்றுபோன இரவில் குழந்தைகளால் தூங்கவே முடியாது. ஆகவே கொசுவலையும் ஒரு பெட்டி கொசுவத்திச் சுருளும் அந்த நோட்டில் இடம்பெற வேண்டும்.

2. பொருளுக்கு முன் இடம்

பெட்டியை எங்கே வைப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடத்தின் அளவுதான் பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும். கட்டிலுக்கு அடியில் வைத்தால் வெள்ளம் முதலில் நனைப்பது அதைத்தான். பரணில் வைத்தால் இருட்டில் முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கும். வயதானவர்கள் விழுவதற்கு வேறு காரணமே தேவையில்லை. வாசலுக்கும் படுக்கைக்கும் நடுவே, நிற்பவரின் மார்பளவு உயரத்தில் உள்ள ஓர் அலமாரித் தட்டு சரியான இடம். தரைத்தள வீடாக இருந்தால், சென்ற முறை தண்ணீர் நின்ற உயரம் சுவரில் கறையாகத் தெரியும் அல்லது பழைய குடித்தனக்காரருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு மேலே இரண்டு சாண் இடைவெளி விடுங்கள்.

பெட்டியாக விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். நன்றாகக் கழுவிக் காயவைத்த, மூடி இறுகப் பொருந்தும் 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். கைப்பிடி இருப்பதால் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறலாம். அதில் உணவுப் பொருளை மட்டும் நேரடியாகப் போடாதீர்கள். முதலில் தேவைப்படும் டார்ச்சு வாளிக்கு உள்ளே இருக்கக் கூடாது. அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். அதில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால், சன்னலிலிருந்து வரும் மங்கலான வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரியும்.

3. வெளிச்சம்

நெற்றியில் கட்டிக்கொள்ளும் டார்ச்சு ஒன்றை முதலில் வாங்குங்கள். இரண்டு கைகளும் விடுபடுவதால், சமைப்பவருக்கும், குழந்தையைத் தூக்குபவருக்கும், பொருள்களை மேலே ஏற்றுபவருக்கும் கைடார்ச்சைவிட அது பல மடங்கு உதவும். அதோடு ஒரு கைடார்ச்சு, சமையலறைக்கு மேசையில் நிற்கும் ஒரு விளக்கு. மூன்றும் ஒரே அளவு பேட்டரியில் ஓடுபவையாக இருந்தால், ஒன்று தீர்ந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்துப் போடலாம். பேட்டரியை உள்ளே போட்டே மாதக்கணக்கில் வைத்தால் அது கசிந்து, தகடுகளில் வெள்ளைப் பொடி படிந்து, டார்ச்சையே கெடுத்துவிடும். ஆணியில் தொங்கும் டார்ச்சைத் தவிர மற்றவற்றின் பேட்டரிகளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, விளக்கோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள்.

உள்ளே பேட்டரி வைத்த பல்புகளைப் பலர் வாங்கியிருக்கிறார்கள். மின்சாரம் போனதும் தானாக எரியும் என்பது உண்மைதான், சுவிட்ச் போட்ட நிலையில் இருந்தால். ஆனால் வெள்ளம் வரும் என்று பயந்து நீங்களே மெயினை அணைத்தால், பல வகைப் பல்புகள் சுவிட்ச் அணைக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு எரியாமல் போய்விடும். பல்பு கெட்டுவிட்டது என்று அதைத் தூக்கிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பல்பைக் கழற்றி, வாங்கும்போது கூடவே கொடுத்த சிறிய மூடியைப் பொருத்தினால் எரியும். அந்த மூடியைப் பத்திரமாக வாளியில் போட்டு வையுங்கள்.

மெழுகுவத்தியைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓடாத இரவில் சன்னல்களைத் திறந்துதான் வைப்போம். கடற்காற்று திரைச்சீலையை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது. ஏற்றியே ஆக வேண்டுமென்றால் எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் நிறுத்தி, கண்பார்வையில் வையுங்கள். தூங்கப் போகும்போது கட்டாயம் அணைத்துவிட வேண்டும்.

4. தண்ணீர்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். தரைக்கடியில் உள்ள தொட்டியான சம்ப்பில் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் இருந்தாலும் மோட்டார் ஓடாமல் அது மேலே ஏறாது. தெருவில் தண்ணீர் தேங்கி சம்ப்புக்குள் கலந்துவிட்டால், இருக்கும் தண்ணீரும் வீண். ஆகவே, புயல் எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டியவற்றை வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் மேல்தொட்டியை நிரப்புங்கள். பிறகு குடங்கள், டிரம், வாளிகள் ஆகியவற்றை நிரப்புங்கள். அதனால் மேல்தொட்டியில் இறங்கிய அளவை மறுபடி மோட்டார் போட்டு ஏற்றுங்கள். இறுதியாக, சம்ப்பு மூடியின் விளிம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே கனமான கல்லை வையுங்கள். பலர் மூடியை முதலில் கட்டிவிட்டு, பிறகு சம்ப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மறுபடி அவிழ்க்கிறார்கள். மழை வலுத்த பிறகு சரியாகக் கட்ட முடிவதில்லை.

குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று கணக்கிடுங்கள். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் இரண்டு. எப்போதும் ஒரு கேன் பயன்பாட்டிலும் இரண்டு கேன் முழுதாகவும் இருக்கும்படி முறை வைத்துக்கொண்டால், எச்சரிக்கை வந்த நாளில் கேன் போடுபவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேனிலிருந்து தண்ணீர் எடுக்கச் சார்ஜ் செய்யும் பம்ப் வைத்திருப்பவர்கள், கையால் அழுத்தும் பம்ப் ஒன்றையும் வாங்கி வையுங்கள். முழுக் கேனைச் சாய்த்து ஊற்ற முயன்று பாதித் தண்ணீரைத் தரையில் விட்ட வீடுகள் உண்டு.

கழிப்பறைக்கும் பாத்திரத்துக்கும் வேண்டிய தண்ணீர் இதில் சேராது. அதற்கு அடிபம்ப் இருக்கும் வீடு தெருவில் எது, அது இப்போதும் வேலை செய்கிறதா என்று இப்போதே அடித்துப் பாருங்கள். மோட்டார் வந்த பிறகு கைவிடப்பட்ட அடிபம்புகளில் உள்ளே இருக்கும் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். மழைக்கு முன் மாற்றினால் சிறு செலவுதான். மழைக்குப் பிறகு மாற்ற ஆள் கிடைக்காது.

சந்தேகமான தண்ணீரைத் துணியில் வடிகட்டி, கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கலாம். குளோரின் மாத்திரை இருந்தால், எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று அட்டையில் உள்ளதைப் படியுங்கள், ஏனென்றால் மாத்திரைக்கு மாத்திரை அளவு வேறுபடும். போட்ட பின் அரை மணி நேரம் காத்திருங்கள். இவை இரண்டும் கிருமிகளுக்கு மட்டுமே மருந்து. 2023 டிசம்பரில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது நமக்குத் தெரியும். எண்ணெயையோ இரசாயனத்தையோ கொதிக்கவைத்து நீக்க முடியாது. வாசனையோ மினுமினுப்போ இருந்தால் அந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள்.

5. கைபேசியும் மின்சேமிப்பும்

பவர் பேங்க் மேல் 10,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால், 5,000 எம்.ஏ.எச். கைபேசியை இரண்டு முறை முழுதாகச் சார்ஜ் செய்யலாம் என்று நினைக்கிறோம். அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. கைபேசிக்கு ஏற்ற மின்னழுத்தமாக மாற்றும்போது இழப்பு ஏற்படுவதால், ஏறக்குறைய ஒன்றேகால் முறைதான் நடைமுறையில் கிடைக்கும். மூன்று நாளைக்கு 20,000 அளவில் ஒன்று வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரே ஒரு கைபேசியை மட்டும் இயங்கவிட்டு மற்றவற்றை அணைத்து வைப்பதே சரியான ஏற்பாடு. கைபேசிக் கோபுரங்களின் பேட்டரியும் தீர்ந்து சிக்னல் போய்விட்டால், கைபேசி சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கும். அப்போது அதை விமானப் பயன்முறையில் வைத்து, காலை, மதியம், மாலை என்று குறித்த நேரத்தில் பத்து நிமிடம் மட்டும் திறந்து பாருங்கள். அந்த நேரங்களை வெளியூர் உறவினரிடம் முன்பே சொல்லி வைத்தால், அவர்களும் பதறாமல் இருப்பார்கள்.

சிக்னல் இல்லாத நேரத்தில் செய்தி கேட்கப் பேட்டரியில் ஓடும் சிறிய வானொலி ஒன்று வேண்டும். சென்னை வானொலி நிலையத்தின் 720 கிலோ ஹெர்ட்ஸ், பண்பலை 101.4 ஆகிய இரண்டு எண்களையும் அதன் முதுகில் ஒட்டி வையுங்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட் மணி இருக்கும். நடைமுறையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எதிர்பார்க்கலாம். 75 வாட் எடுக்கும் பழைய மின்விசிறிகள் இரண்டும் மூன்று எல்.இ.டி. பல்புகளும் ஓடினால் ஆறேழு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். பெரிய பேட்டரி வாங்குவதைவிட, ஏறக்குறைய 30 வாட்டில் ஓடும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் உள்ள விசிறி ஒன்றைப் படுக்கையறையில் மாட்டுவதே எனக்கு அறிவுள்ள செலவாகத் தோன்றுகிறது. பேட்டரி தரையில் இருந்தால், மழைக்காலத்துக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு உறுதியான மேடைமேல் ஏற்றிவிடுங்கள்.

6. மருந்து

சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகள் எப்போதும் ஏழு நாளைக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். தனியாக வாங்கிப் பெட்டியில் போட்டு மறந்தால் காலாவதியாகிவிடும். ஆகவே புதிதாக வாங்கும் அட்டையைப் பெட்டியில் வைத்து, பெட்டியில் இருக்கும் பழைய அட்டையைப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் கூட இருக்கட்டும்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் போனவுடன் அதை வெளியே எடுத்துவிடாதீர்கள். மூடிய குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். தடை நீண்டால், வாய் அகன்ற மண்பானைக்குள் சிறிய மண்சட்டியை வைத்து, இடைவெளியில் ஈரமணலை நிரப்பி, இன்சுலினைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டியில் வைத்து ஈரத்துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வைத்தால் அறையைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். மழைக்காலக் காற்றின் ஈரப்பதத்தில் இது கோடையில் குளிர்விக்கும் அளவுக்குக் குளிர்விக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பனிக்கட்டியில் நேரடியாக வைப்பது பெரிய தவறு. உறைந்த இன்சுலினைத் தூக்கிப்போடத்தான் வேண்டும். ஆக்ஸிஜன் எந்திரத்தை நம்பியிருப்பவர் வீட்டில் இருந்தால், எந்தப் பெட்டியும் போதாது. மருத்துவரிடம் பேசி மாற்று சிலிண்டரும், எச்சரிக்கை வந்த அன்றே வேறு இடத்துக்குப் போகும் திட்டமும் வைத்திருங்கள்.

வயிற்றுப்போக்கின்போது கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு அதிகமாகி உடலைக் கெடுக்கும். பொட்டலத்தின் மேல் தடித்த பேனாவால் அளவை எழுதி வையுங்கள்.

7. சாப்பாடு

ஊறவைக்கவோ அரைக்கவோ தேவையில்லாத அவல், ரவை, பொட்டுக்கடலை, சத்துமாவு, வெல்லம், பால்பவுடர் ஆகியவை மூன்று நாளைக்குப் போதும். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் தாங்கும். அதற்குள் மீன், பால், மாவு என்ற வரிசையில் சமைத்துத் தீர்த்துவிடுங்கள். காசிமேட்டிலிருந்து மீனை நிறைய வாங்கிவந்து உறைபெட்டியில் அடுக்கும் பழக்கத்தைப் பருவமழை மாதங்களில் நிறுத்தி வைப்பது நல்லது. தீப்பெட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். எரிவாயு வாசனை வந்தால் வெளிச்சத்துக்காகத் தீக்குச்சி கொளுத்தாமல், ரெகுலேட்டரை மூடி, சன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

8. பணமும் தாள்களும்

சிக்னல் இல்லையென்றால் யூபிஐ இல்லை. இரண்டாயிரம் ரூபாயைப் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வையுங்கள், ஏனென்றால் அன்று கடைக்காரரிடம் சில்லறை இருக்காது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு, கைபேசி அணைந்தாலும் படிக்கக்கூடிய ஒரு தாளில் எண்களைப் பெரிதாக எழுதுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, மாநகராட்சி 1913, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101. மின் இணைப்பு எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். புகார் சொல்லும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

9. அணைக்கும் வரிசை, மீண்டும் போடும் வரிசை

வாளி மூடியின் உட்புறத்தில் இதை எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொடுமுன், கை கால் உலர்ந்த நிலையில், செருப்பு அணிந்து, முதலில் மோட்டார், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் பிளக்கை எடுங்கள். அடுத்து இன்வெர்ட்டரை அணையுங்கள். கடைசியாக மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரை மறப்பதுதான் மிக ஆபத்தான பிழை. மெயின் அணைந்தாலும் சுவர்ப் பிளக்குகளுக்கு அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஏற்கெனவே பிளக் உயரத்தைத் தொட்டிருந்தாலோ, மீட்டர்ப் பெட்டிக்குப் போக நீரில் இறங்க வேண்டியிருந்தாலோ, தொடாமல் மின்னகத்தை அழையுங்கள். வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பில்லர் பெட்டிக்குப் பக்கத்தில் தேங்கிய நீரில் யாரும் நடக்கக் கூடாது; குழந்தைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மின்சாரம் வந்ததும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒரே ஒரு பல்பைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். அது வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், நியூட்ரல் கம்பி அறுந்து மின்னழுத்தம் எகிறியிருக்கலாம்; உடனே மெயினை அணையுங்கள். எங்கள் வரிசையில் ஒரே மாலையில் மூன்று தொலைக்காட்சிகள் இப்படித்தான் எரிந்தன. நனைந்த பிளக்குகளையும் மோட்டாரையும் எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை பயன்படுத்தாதீர்கள்.

10. ஓர் இரவு ஒத்திகை

எல்லாம் தயாரானபின், மாலை ஏழிலிருந்து மறுநாள் காலை வரை மெயினை அணைத்து, பெட்டியில் உள்ளதை மட்டும் வைத்துச் சமாளியுங்கள். ஒரு வீட்டில் டார்ச்சை எடுக்கும் பொறுப்பை ஆயாவிடம் கொடுத்தோம். ஆணி வரை சரியாக வந்துவிட்டார். ஆனால் டார்ச்சின் பொத்தான் விரலுக்கு மிகக் கடினமாக இருந்தது. "இத்த அமுக்கவே ரெண்டு ஆளு வேணும் கண்ணு" என்றார். அன்றே தள்ளும் வகைச் சுவிட்ச் உள்ள டார்ச்சாக மாற்றினோம். வாளி மூடியை நகம் உடையாமல் திறக்க முடியவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. மூடியின் விளிம்பில் ஒரு சிறு கயிற்றுக் கண்ணியைக் கட்டினோம். ஒத்திகையில் தெரியவரும் குறைகளை அங்கேயே நோட்டில் எழுதி, அந்த வாரத்துக்குள் சரிசெய்யுங்கள்.

11. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை

நமக்கு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால், கட்டணம் செலுத்தும் நாளையே பெட்டியைத் திறக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டியதில்லை. அன்று பவர் பேங்க்கை முழுதாகச் சார்ஜ் செய்து, டார்ச்சை எரியவிட்டுப் பார்த்து, மருந்து அட்டைகளையும் கேன்களையும் முறை மாற்றி, அவலையும் ரவையையும் சமையலுக்கு எடுத்துக்கொண்டு புதியதை வையுங்கள். யாராவது பெட்டியிலிருந்து கடன் வாங்கிய தீப்பெட்டியும் பத்து ரூபாய்த் தாளும் அன்றே திரும்ப உள்ளே போக வேண்டும். பார்த்த தேதியை மூடியின் உட்புறத்தில், பார்த்தவரின் கையெழுத்தோடு எழுதுங்கள்.